குறுக்குவெட்டு

இதுவும் ஒற்றைதான். எலக்ட்ரான் மைக்ரோஸ்கோப்பின் பச்சைத் திரையில் சிதறிக் கிடந்த வட்டங்களில் ஒன்றைப் பிடித்து நடுவுக்கு நகர்த்தி, இன்னும் கொஞ்சம் பெரிதாக்கி, மூச்சை அடக்கிக்கொண்டு பார்த்தாள் குழல்வாய்மொழி. ஒரே ஒரு சக்கரம். சுற்றிலும் ஒன்பது ஆரம், நடுவில் ஒரு குடம் என்று கொஞ்சமும் பிசகாத அழகான சக்கரம்தான், ஆனால் அது யாருக்கு வேண்டும்? அவளுக்கு வேண்டியது இரண்டு. ஒரே தோலுக்குள் ஒட்டினாற்போல இரண்டு சக்கரம். விரால் மீனின் குடலில் குடியிருக்கிற நாடாப்புழுவின் விந்தணுவுக்குள்ளே, அதை நெளிய வைக்கிற தண்டு ஒன்றல்ல இரண்டு என்று அவளுடைய கைடு எந்தக் காலத்திலோ எழுதி அச்சிலும் ஏற்றிவிட்டார். அதையே இந்த ஊர்க் குளத்து விராலிலும் காட்டிவிட்டால் ஆய்வேடு முடிந்தது, பெரிய கும்பிடாகப் போட்டுவிட்டு வெளியே போய்விடலாம். காட்டத்தான் முடியவில்லை. நூல் மாதிரி நீண்டு கிடக்கும் அந்த விந்தணுவுக்குத் தலை என்று தனியாக ஒன்று கிடையாது, இரண்டு முனையும் ஊசி. முன்முனையில் ஒரு தண்டு, நடுவில் இரண்டு, பின்னால் போகப் போக மறுபடியும் ஒன்று, கடைசியில் உட்கரு மட்டும் கம்பியாக ஓடும். வெட்டு எந்த இடத்தில் விழுகிறதோ அந்த இடம்தான் தெரியும். கண்ணை மூடிக்கொண்டு இடியாப்பத்தைக் கத்தியால் குறுக்கே அறுத்து, அறுத்த முகத்தில் தெரிகிற புள்ளிகளை வைத்து ஓர் இழை எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று சொல்லச் சொன்னால் எப்படி இருக்கும்? ஐந்து வருஷமாக அவள் இடியாப்பம் அறுத்துக்கொண்டிருக்கிறாள். புழுவைப் பிசினில் புதைத்து, கல்லாக இறுக வைத்து, கண்ணுக்கே தெரியாத மெல்லிசாகச் சீவி, செப்புச் சல்லடையில் ஏந்தி எடுத்து, இங்கே கொண்டுவந்து பார்த்தால் ஒற்றை. வைரக் கத்தி வாங்கிக் கொடுங்கள் சார் என்று கேட்டால், ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்று கைடு சிரிக்கிறார். சிரிப்பார், அவருக்கென்ன, அவருக்கு இரண்டு கிடைத்தாயிற்று. வீட்டிலும் இரண்டு பிள்ளைகள். சீ, அது எதற்கு இப்போது.

செல்போன் வெளியே இருக்கிறது. இந்த இருட்டு அறைக்குள் செல்போன் கூடாது, செருப்பு கூடாது, தும்மல்கூட அனுமதி கேட்டுப் போட வேண்டிய இடம். மைக்ரோஸ்கோப்பைப் பார்த்துக்கொள்ளும் டெக்னீசியன் ஜெபமணி அண்ணன் வாசலில் ஒரு பிளாஸ்டிக் கூடையை வைத்து எல்லார் போனையும் அதில் போடச் சொல்லிவிடுவார், துணைவேந்தரே வந்தாலும் கூடைதான். அந்தக் கூடைக்குள் கிடந்து அவளுடைய போன் இப்போது அடித்துக்கொண்டிருக்கிறதோ என்னவோ. கணவர் ஆவுடையப்பன் கூப்பிட்டிருப்பார். இல்லை, கூப்பிட்டிருக்க மாட்டார். கூப்பிட்டிருந்தால் போகவில்லை என்று அர்த்தம். போயிருந்தால் கூப்பிட மாட்டார், வெட்கப்பட்டுக்கொண்டு எங்கேயாவது டீக்கடையில் நிற்பார். ஆகவே போன் அடிக்காமல் இருந்தால் நல்லது. ஆனால் போகாமல் வீட்டிலேயே படுத்துக் கிடந்தாலும் போன் அடிக்காதே? அதுதானே வழக்கம். முழுப் பரீட்சை லீவு விட்ட நாளிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறாள். இன்று காலையில் தோசையைத் தட்டில் போட்டுவிட்டு, கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டே, இன்னைக்காவது லேபுக்குப் போயிட்டு வந்துருங்க என்றாள். தட்டைப் பார்த்துக்கொண்டே "பாப்போம்" என்றார். அந்தப் பாப்போம் இருக்கிறதே, அதைக் கேட்டுக் கேட்டு அவளுக்குக் காது புளித்துவிட்டது. கணக்கு வாத்தியார். பதினோராம் வகுப்புப் பையன் விடையை மட்டும் எழுதிவிட்டால், வழிமுறை எங்கலே என்று நோட்டைத் தூக்கி வீசுகிற மனுஷன். சொந்த விஷயத்தில் மட்டும் வழிமுறையும் வேண்டாம், விடையும் வேண்டாம். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவளுக்குப் பார்க்காத சோதனை பாக்கி இல்லை. ரத்தம் எடுத்தார்கள். ஸ்கேன் எடுத்தார்கள், ஒரு நாள் விட்டு ஒரு நாள் வரச் சொல்லி எடுத்தார்கள். சாயத்தை ஏற்றிப் படம் பிடித்தார்கள், அன்றைக்கு அவள் கத்திய கத்தலில் வெளியே உட்கார்ந்திருந்த பெண்கள் எழுந்து போய்விட்டார்களாம். எல்லாம் நார்மல், எல்லாம் நார்மல், உங்க ஹஸ்பண்டை ஒருதடவை பாத்துட்டா தேவலை என்று டாக்டரம்மா ஒவ்வொரு முறையும் சொல்கிறார். ஒரு சின்ன டப்பா. அதில் கொஞ்சம். அரை மணி நேர வேலை. மடியில் கனம் இருந்தால்தானே வழியில் பயம் என்று ஒருநாள் கேட்டும் விட்டாள், அதற்கு நான்கு நாள் பேசாமல் இருந்தார்.

"ஏம்மா, அந்த ஒரே கட்டத்துலயே எவ்வளவு நேரம் நிப்ப? பீமைக் கொறைச்சுக்கோ, சீவல்ல ஓட்டை விழுந்துரும்" என்றார் ஜெபமணி அண்ணன் பின்னாலிருந்து. இருட்டில் அவர் சட்டைப்பையில் இருக்கும் முறுக்குப் பொட்டலம் சரசரத்தது. வெளியே யாருக்கும் விதிவிலக்கு இல்லை, முறுக்குக்கு மட்டும் உண்டு.

"பாத்துட்டுத்தான் இருக்கேன் அண்ணாச்சி. எல்லாம் ஒத்தையா வருது."

"நேத்து அந்த நானோத் துகள்காரன் வந்து ரெண்டு நிமிஷத்துல பத்துப் படம் எடுத்துட்டுப் போயிட்டான். நீயும் அந்த மாதிரி ஒண்ண எடுத்திருக்கலாம்லா?"

எடுத்திருக்கலாம்தான். இரும்புத்தூள், வெள்ளித்தூள், எதையாவது எடுத்திருக்கலாம். யாராவது கேட்டால் தூள் என்று சொல்லிவிட்டுப் போகலாம். இவள் என்ன சொல்வது? பெண் பார்க்க வந்த அன்றைக்கு ஆவுடையப்பனின் அம்மா, பொண்ணு என்ன படிக்கா என்று கேட்டபோது, மீனு ஆராய்ச்சி என்று அப்பா முந்திக்கொண்டார். மீனுக்குள்ளே இருக்கிற புழு என்று சொல்லவில்லை. புழுவுக்குள்ளே இருக்கிற அது என்று சொல்லவே இல்லை. அந்தச் சொல்லை ஆய்வுக் கூட்டத்தில் ஆயிரம் தடவை சொல்கிறாள், பேராசிரியர்கள் தலையை ஆட்டுகிறார்கள். வீட்டில் ஒரு தடவை சொன்னால் அத்தை காதைப் பொத்திக்கொண்டு அடுப்படிக்குள் ஓடிவிடுவாள். கல்யாணத்துக்கு முன்னால் பேட்டை மார்க்கெட்டில் மீன் ஆய்கிற செல்லக்கனி அக்காளிடம் போய் நின்று, மீன் வேண்டாம், விரால் குடலை மட்டும் தாங்கக்கா என்று கேட்ட அன்றைக்குக்கூட இவ்வளவு சங்கடம் இருந்ததில்லை. மீனை விட்டுட்டுக் குடலைக் கேக்க ஒரே ஆளு நீதாம்ட்டி, பூனைகூட யோசிக்கும் என்று அவள் சிரித்தாள், ஆனால் மறுநாளிலிருந்து குடலை வாழையிலையில் கட்டி எடுத்துவைத்தாள். அதிலிருந்து புழுவை உயிரோடு எடுக்க வேண்டும். உப்புநீரில் விட்டால் வெள்ளை ரிப்பன் மாதிரி சுருண்டு நீளும், நீளும்போதே குளிர்ந்த மருந்தில் போட்டுவிட வேண்டும். கொஞ்சம் தாமதித்தால் உள்ளே எல்லாம் குழைந்துபோகும். உயிரோடு இருந்தது மாதிரியே தெரிய வேண்டும் என்பதற்காக உயிரோடு இருக்கும்போதே கொல்ல வேண்டும். இதுதான் படிப்பு. அந்த மருந்தின் வாடை துப்பட்டாவில் ஒட்டிக்கொண்டு வீடு வரைக்கும் வந்துவிடுகிறது, அதுதான் அத்தைக்குப் பிடி கிடைத்தது. "அந்த மருந்து வாடைதாம்ட்டி உன் வயித்தைக் காயப் போட்டுட்டு. மீன் குடலுக்குள்ள கைய விட்டுட்டு இருந்தா எப்படித் தங்கும்? எம் புள்ளைக்கு என்ன கொறை? எங்க வம்சத்துல எவனுக்காவது உண்டுமா?" ஒரு வெள்ளிக்கிழமையில் அல்ல, ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும். சங்கரன்கோவிலில் புற்றுமண் வாங்கிவந்து வயிற்றில் பூசிவிட்டது யாருக்கு? இவளுக்கு. அரசமரத்தைச் சுற்றச் சொன்னது யாரை? இவளை. வேப்பங்கொழுந்தை அரைத்து விடிகாலையில் விழுங்கியது? இவள்தான். அந்த வம்சத்தின் ஆண்பிள்ளை ஹிந்து பேப்பரைப் படித்துக்கொண்டு காபி குடித்துக்கொண்டிருந்தார். அவர் கெட்டவர் இல்லை, அதுதான் எரிச்சல். கெட்டவராக இருந்தால் ஒரேயடியாகத் திட்டிவிட்டுப் போகலாம். அன்றைக்குச் சாயம் ஏற்றிப் படம் எடுத்துவிட்டு வந்தபோது ஆட்டோவில் அவள் கையைப் பிடித்துக்கொண்டே வந்தார், வீட்டுக்கு வந்ததும் அவரே வெந்நீர் போட்டுக் கொடுத்தார். ஆனால் டப்பா என்றால் பாப்போம்.

இன்னொரு கட்டம். இங்கே சீவல் மடிந்து கிடக்கிறது, சேலை மடிப்பு மாதிரி கறுப்பாக ஒரு கோடு. நகர்த்து. இங்கே பிசின் மட்டும். நகர்த்து. இங்கே ஒரு கூட்டமே கிடக்கிறது, நூற்றுக்கணக்கில் நெருக்கியடித்துக்கொண்டு, ஒவ்வொன்றும் ஒவ்வொரு இடத்தில் வெட்டுப்பட்டு. ஒன்றில் உட்கரு மட்டும். ஒன்றில் ஒற்றை. ஒன்று சாய்வாக வெட்டுப்பட்டு வாழைக்காய் வறுவல் மாதிரி நீளமாக. இந்தப் புழுவை யாராவது கோவிலுக்குக் கூட்டிப் போகிறார்களா? ஆணும் அதுவே பெண்ணும் அதுவே, உடம்பின் ஒவ்வொரு துண்டத்திலும் இரண்டுமே இருக்கிறது, ஒரு துண்டம் இன்னொரு துண்டத்தோடு சேர்ந்து காரியத்தை முடித்துக்கொள்கிறது. யார்மேல் குறை என்று யாரும் கேட்க முடியாது. மாமியார் கிடையாது, நாத்தனார் கிடையாது, சீமந்தம் எப்போது என்று கேட்கிற பக்கத்து வீட்டுக்காரி கிடையாது, ஒரு வாய்கூடக் கிடையாது, தோல் வழியாகவே மீனின் சாப்பாட்டை உறிஞ்சிக்கொண்டு கிடக்கிறது. வாயே இல்லாத வாழ்க்கை எவ்வளவு நிம்மதி. அதன் விந்தணுவைப் பாரேன், மற்ற மிருகங்களுக்கெல்லாம் இருப்பதுபோல சக்தி தருகிற மைட்டோகாண்ட்ரியாகூட இதற்கு இல்லை. ஒன்றுகூட இல்லை. அப்படியும் போய்ச் சேர்ந்துவிடுகிறது. எப்படிப் போகிறது என்று யாராவது கேட்டால் சர்க்கரைத் துணுக்குகள் கொஞ்சம் இருக்கிறது, அதை வைத்து ஓட்டுகிறது என்று பதில் சொல்லலாம். ஆனால் அவள் அது ஓடிப் பார்த்ததில்லை. இந்த ஐந்து வருஷத்தில் ஒருதடவைகூடப் பார்த்ததில்லை. இந்த மைக்ரோஸ்கோப்பில் வருவது எல்லாமே செத்த பிறகு வருவது, காற்றை உறிஞ்சி எடுத்த குழாய்க்குள் உயிரோடு எதையும் வைக்க முடியாது. நடுத்தண்டின் ஆரங்களை எண்ணிச் சொல்லிவிடுவாள், ஆனால் அது அசைந்ததா என்று கேட்டால் தெரியாது. அவருக்கு இல்லாமல் இருந்தால்? நினைவு திடீரென்று அங்கே போய் முட்டிக்கொண்டு நின்றது. அங்கேதான் முட்டும், எந்தப் பக்கமாகச் சுற்றினாலும் கடைசியில் அங்கேதான். அவருக்கு ஒன்றுமே இல்லாமல் இருந்தால். டப்பாவில் வெறும் தண்ணீராக இருந்தால். ஐயோ பாவம் என்று தோன்ற வேண்டும், தோன்றவில்லை. தோன்றியது வேறு. அப்பாடா என்று தோன்றியது. இருட்டில் தனியாக உட்கார்ந்திருக்கும்போது எதற்குப் பொய்? அவளுக்கு அது வேண்டும். அவர்மேல் குறை இருக்க வேண்டும். ஒரு வெள்ளைத் தாளில் அவர் பெயரைப் போட்டு இல்லை என்று அச்சடித்து வர வேண்டும், அதை அத்தையின் பூஜை அலமாரியில் கொண்டுபோய் வைக்க வேண்டும், அவள் வாய் ஒருதடவை, ஒரே ஒருதடவை அடைத்துப்போக வேண்டும். பிள்ளை பிறப்பது பிறக்காதது அதற்கப்புறம். சே, என்ன மனசு இது. ஆனால் அப்படித்தான் இருக்கிறது. அதுவே நன்றாக இருந்துவிட்டால்? அவளுக்கும் நார்மல், அவருக்கும் நார்மல் என்று வந்துவிட்டால் குறை எங்கே போகும்? காற்றிலா போகும்? நேராக இவள் மடியில்தான் வந்து விழும். நார்மல் என்று எழுதிய இவளுடைய தாள்களை யார் படிக்கப் போகிறார்கள், அதெல்லாம் இங்கிலீஷில் இருக்கிறது. ஆகவே அவர் போகாமல் இருப்பதும் ஒரு வகையில் நல்லதோ? தெரியாமல் இருக்கிற வரைக்கும் அவளுக்குப் பாதி நியாயமாவது இருக்கிறது. இல்லை, போகட்டும். போக வேண்டும். போய்த் தொலையட்டும்.

கை தானாகத் திருகிக்கொண்டே இருந்ததில் கட்டம் நகர்ந்து வேறு ஒரு மூலைக்கு வந்திருந்தது. பார்த்துவிட்டுப் பார்க்காததுபோல விட்டுவிட்டாள். பிறகு திரும்ப வந்தாள். ஒரு தோல். அதற்குள் ஒரு சக்கரம். அதன் பக்கத்திலேயே இன்னொன்று, அது கொஞ்சம் சாய்வாக, ஒரு பக்கத்து ஆரங்கள் கலங்கி, ஆனாலும் சக்கரம்தான், சந்தேகமே இல்லை. இரண்டு. வந்துவிட்டது. ஐந்து வருஷம், செல்லக்கனி அக்காளின் வாழையிலைப் பொட்டலங்கள், பிசின், கத்தி, எல்லாம் இந்த ஒரு ஓரத்தில் வந்து உட்கார்ந்திருக்கிறது, அதுவும் சாய்வாக. நேராக வெட்டுப்பட்டிருக்கக் கூடாதா? பரீட்சகர் இதைப் பார்த்துவிட்டு, இரண்டாவது தெளிவில்லையே அம்மா என்று மூக்குக்கண்ணாடியைத் தூக்குவார். தூக்கட்டும். படத்தை எடுத்தாள். ஒன்றுக்கு மூன்றாக எடுத்தாள். சந்தோஷப்பட வேண்டும் என்று தெரிந்தது, சந்தோஷத்துக்குக் கொஞ்சம் நேரம் கொடுத்துக்கூடப் பார்த்தாள், ஆனால் அது வருவதற்குள் கதவு திறந்து வெளிச்சம் உள்ளே கொட்டி, பச்சைத் திரை வெளுத்துப்போனது. ஜெபமணி அண்ணன்தான், எப்போது வெளியே போனார் என்றே தெரியவில்லை.

"ஒங்க வீட்டு சார் வந்திருக்காவம்மா. வேர்த்து விறுவிறுத்து நிக்காவ. என்னன்னு கேட்டா ஒண்ணுமில்லைங்காவ."

வெளியே வெயிலில் கண் கூசியது. ஆவுடையப்பன் தாழ்வாரத்தின் தூணோரம் நின்றிருந்தார், இந்தச் சித்திரை வெயிலில் முழுக்கைச் சட்டை போட்டு, ஒரு கையை வயிற்றின்மேல் வைத்துக்கொண்டு. வயிற்றுவலியோ என்று ஒரு கணம் பதறிவிட்டாள். அவர் சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு, சட்டையின் கீழ்ப் பொத்தானைத் தளர்த்தி, இடுப்பில் செருகியிருந்த டப்பாவை லேசாகக் காட்டினார்.

"சூடு ஆறக் கூடாதுன்னு சொன்னாங்கல்லா, அதான் உடம்போட வெச்சுட்டு வந்தேன்."

"லேபுக்குப் போகாம இங்க எதுக்குங்க கொண்டு வந்திய?"

"போனேன் குழலி. வாசல் வரைக்கும் போனேன். அந்த டோக்கன் குடுக்க இடத்துல நம்ம பிச்சம்மா இருக்கா, போன வருஷம் பன்னெண்டாம் வகுப்புல ஃபர்ஸ்ட் வந்தாள்லா, அந்தப் புள்ள. என்னயப் பாத்ததும் எந்திரிச்சு நின்னு, வணக்கம் சார், என்ன டெஸ்ட் சார்னு கேக்கா. தங்கச்சிக்கு சுகர் பாக்கணும், அப்புறமா வாரேன்னுட்டு வந்துட்டேன். வேற லேபுக்குப் போனா அங்க ஒருத்தன். பாளையங்கோட்டையில நான் பாடம் எடுக்காத லேபே கெடையாது போல. அப்புறம் வீட்டுக்குப் போனேன், எடுத்துட்டு நேரா இங்க வந்துட்டேன்." கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டு, பையன் ஒரு கணக்குக்குக் குறுக்குவழி கண்டுபிடித்துவிட்டதைப்போல முகத்தை வைத்துக்கொண்டு சொன்னார். "ஊர்ல எங்கயும் இல்லாத மெஷின் உங்கிட்ட இருக்கு. புழுவோடதையே அக்கு வேறு ஆணி வேறா பாக்க. இத நீயே பாத்துச் சொல்லிரு, எவன் முன்னாலயும் போய் நிக்க வேண்டாம்லா."

அவளுக்குச் சிரிப்பதா தலையில் அடித்துக்கொள்வதா என்று தெரியவில்லை. ஏங்க, அந்த மெஷினில் ஈரம் பட்டாலே போச்சு, உங்களுடையதை அதில் பார்க்க வேண்டும் என்றால் மருந்தில் போட்டுக் கொன்று, பிசினில் ஊறப்போட்டு, சீவி, அடுத்த வாரம்தான் பார்க்க முடியும், அப்போதும் உள்ளே எத்தனை ஆரம் இருக்கிறது என்று சொல்லலாமே தவிர உயிர் இருக்கிறதா என்று சொல்ல முடியாது என்று அவள் சொல்லச் சொல்ல அவர் முகம் சுருங்கிக்கொண்டே போனது. இவ்வளவு பெரிய மெஷின், உயிர் தெரியாதா என்றார். தெரியாது. அப்படியானால் எதற்கு? அதைத்தான் நானும் கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்று வாய்வரை வந்தது. இப்போது திரும்பி அனுப்பிவிடலாம். பிச்சம்மாவிடமே போங்கள், இல்லாவிட்டால் விட்டுவிடுங்கள் என்று சொல்லிவிடலாம். போகமாட்டார், இன்னொரு வருஷத்துக்குப் பாப்போம் என்பார். ஆனால் டப்பா வந்துவிட்டது, அவர் இடுப்பில், அவரே எடுத்துக்கொண்டு, வெயிலில். வேலியில் போன ஓணான் இல்லை, இவளே இத்தனை நாளாகக் கூப்பிட்டுக் கூப்பிட்டு வந்த ஓணான். சீவலைச் சரிபார்க்கிற பக்கத்து அறையில் ஒரு சாதாரண மைக்ரோஸ்கோப் இருக்கிறது, காலேஜ் பிள்ளைகள் வெங்காயத் தோல் பார்க்கிற ரகம். வாங்க என்றாள்.

கதவைச் சாத்திக்கொண்டாள். கண்ணாடி வில்லையைத் துடைத்து, சொட்டுக்குழாயில் உறிஞ்சி, ஒரு துளி. மூடுகண்ணாடியை ஒரு விளிம்பிலிருந்து மெதுவாகச் சாய்த்து இறக்கினாள், காற்றுக்குமிழி வரக்கூடாது என்று முதல் வருஷத்தில் கைடு கையைத் தட்டிச் சொல்லிக் கொடுத்தது, கை தானாகச் செய்தது. ஆவுடையப்பன் சுவரில் ஒட்டியிருந்த தனிமங்களின் அட்டவணையை ஏதோ முதல்முறையாகப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தார், கழுத்தெல்லாம் வியர்வை. கண்ணை வைத்தாள். வெறும் வெளிச்சம். திருகினாள். வெறும் வெளிச்சம், அதில் ஒன்றிரண்டு தூசு. இல்லை. நெஞ்சுக்குள் என்னவோ குபீரென்று எழும்பியது. இல்லை, ஒன்றுமே இல்லை, அத்தை, இல்லை. அப்புறம் குவியம் சரியாக விழுந்தது. அம்மாடி. வட்டம் முழுக்க ஓட்டம். ஒன்றல்ல இரண்டல்ல, மழை பெய்த மறுநாள் குட்டையில் தலைப்பிரட்டைக் கூட்டம் புறப்படுமே, அப்படி. தலையை ஆட்டிக்கொண்டு, வாலைச் சுழற்றிக்கொண்டு, ஒன்றையொன்று இடித்துத் தள்ளிக்கொண்டு, எங்கே போகிறோம் என்றே தெரியாமல் எவ்வளவு அவசரம். ஒன்று வட்டத்தின் ஓரத்திலிருந்து நேராகக் குறுக்கே வந்து அவள் கண்ணுக்கு அடியிலேயே திரும்பிப் போனது. இதுவா? இத்தனை வருஷமாக வெட்டி வெட்டி ஆரம் எண்ணிக்கொண்டிருந்தது இதைத்தானா? இது இப்படி ஓடும் என்று யாரும் சொல்லவில்லையே. சொல்லியிருக்கிறார்கள், புத்தகத்தில் இருக்கிறது, இவளே எழுதியிருக்கிறாள், ஆனால் யாரும் சொல்லவில்லை. எவ்வளவு அழகாக இருக்கிறது என்று நினைத்தாள், நினைத்த அதே கணத்தில் அத்தை நினைவுக்கு வந்தாள். அப்படியானால் எல்லாம் இவள்மேல்தான். ஓட்டம் அத்தனையும் இவளைப் பார்த்துத்தான்.

"என்ன தெரியுது?" என்றார் அவர், அட்டவணையிலிருந்து திரும்பாமல்.

பதில் சொல்ல அவசரமில்லை. ஒன்றும் தெரியவில்லை என்று சொல்லிவிடலாம். ஒரே ஒரு சொல்தான். இல்லை. அவர் நம்புவார், இந்த ஊரிலேயே இதைப் பார்க்கத் தெரிந்தவள் இவள் ஒருத்திதான் என்று நம்பித்தானே இடுப்பில் கட்டிக்கொண்டு வந்திருக்கிறார். இல்லைங்க. அவ்வளவுதான், அவர் அந்த நாற்காலியில் உட்கார்ந்துவிடுவார், வீட்டுக்குப் போய் அம்மாவிடம் சொல்ல மாட்டார், சொல்லவே மாட்டார், ஆனால் அத்தை வாயைத் திறக்கும்போதெல்லாம் சும்மா இரும்மா என்பார். அந்தச் சும்மா இரும்மா ஒன்றே போதும், ஆயுசுக்குப் போதும். வாய் திறந்துவிட்டது. ஆனால் கண் இன்னும் கண்ணாடியில்தான் இருந்தது, கீழே அவை ஓடிக்கொண்டே இருந்தன, ஒரு நிமிஷம் நிற்பேன் என்கிறதா? இரண்டு என்று அச்சில் வந்திருந்தும் ஒற்றை தெரிந்த படத்தை ஒற்றை என்றுதான் ஐந்து வருஷமாக எழுதிவைத்திருக்கிறாள், கைடு எவ்வளவு முறைத்தாலும். பழகித் தொலைத்துவிட்டது. பார்த்ததை மாற்றிச் சொல்ல நாக்கு வரவில்லை. இந்தப் பாழாய்ப்போன படிப்பு வேறு எதற்கும் உதவவில்லை, இதற்கு மட்டும் வந்து கழுத்தைப் பிடிக்கிறது.

"இருக்கு" என்றாள். "நெறைய இருக்கு. நல்லா ஓடுது."

"நெசமாவா?"

"நெசமாத்தான். ஆனா இது கணக்கு இல்லீங்க, லேபுல எண்ணிப் பாத்துத்தான் முழுசாச் சொல்லணும். அதுவும் போக, ரெண்டு பேருக்கும் எல்லாம் சரியா இருந்தும் சில பேருக்குத் தள்ளிப் போகும், அது யார் மேலயும் குத்தம்னு..."

அவர் கேட்கவில்லை. வியர்த்திருந்த கையால் அவள் தோளை ஒருமுறை அழுத்தினார், அந்த அழுத்தத்தில் நன்றி இருந்தது, பாசம்கூட இருந்தது, கண் கலங்கியிருந்ததை அவள் பார்த்தாள். பிறகு கதவைத் திறந்துகொண்டு தாழ்வாரத்துக்குப் போனார். குழல்வாய்மொழி மறுபடியும் கண்ணை வைத்தாள். வேறு எங்கே வைப்பது என்று தெரியவில்லை. வெளியே போனில் அவர் குரல் வகுப்பு எடுக்கிற மாதிரி பலமாகக் கேட்டது, இவ்வளவு சந்தோஷமாக அவர் பேசிக் கேட்டு எத்தனையோ நாளாகியிருந்தது.

"அம்மா, எனக்கு ஒண்ணும் இல்லைம்மா. எல்லாம் நல்லாருக்காம். இல்லைம்மா, டாக்டர் சொல்லல. குழலிதாம்மா. அவளே பாத்துச் சொல்லிட்டா."